பாதிக்குப் பாதி ஆள் எடுத்தால் போலீஸ் மேல் நம்பிக்கை வந்துவிடுமா?

2025 ஜூலை 6, குளச்சல் பக்கமிருந்து ஒரு வாசகர்

இந்துக்களும் கடற்கரைக் கிறிஸ்தவங்களும் மோதின மண்டைக்காடு கலவரம் முடிஞ்சு நாப்பது வருஷம் தாண்டியாச்சு. இன்னும் எங்க ஊர்ல ஒரு பிரச்சினைன்னா சாமியார்கிட்டதான் (பங்குப் பாதிரியார்) முதல்ல ஓடுறாங்க, ஸ்டேஷனுக்கு இல்ல. ஸ்டேஷன்ல பாதிப் பேர் கடற்கரை ஆளா இருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது. வட அயர்லாந்துல அப்படிச் செஞ்சுதான் சரி பண்ணினாங்கன்னு படிச்சேன். அங்க இருந்துட்டு வந்த நர்ஸ் அக்காமார் நம்ம பக்கம் நிறைய பேர் உண்டே, யாராவது சொல்லுங்க.

ஜூலை 6, இரவு

நான் இருந்திருக்கிறேன் தம்பி. 2003-ல் பெல்ஃபாஸ்ட் போனேன், அம்மாவைப் பார்க்க ஆள் இல்லாமல் 2014-ல் களியக்காவிளைக்கே திரும்பிவிட்டேன். பாதிக்குப் பாதி ஆள் எடுத்தது உண்மை. அதனால்தான் நம்பிக்கை வந்தது என்று அங்கே யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்று டியூட்டி இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜூலை 7

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் பின்னணி. வட அயர்லாந்தில் முப்பது வருஷச் சண்டை. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற பக்கம் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற பக்கம் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஏறக்குறைய 3,500 பேர் செத்தார்கள். 1998 ஏப்ரல் 10-ல் ஒப்பந்தம் வந்தது. அப்போது இருந்த போலீஸின் பெயர் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டாபுலரி. அதில் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். ஊரில் பத்தில் நாலு பேருக்கு மேல் கத்தோலிக்கர். வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். அவர்கள் அறைக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மகனைப் போலீஸ் குண்டுக்குப் பறிகொடுத்தவர்களும் வந்தார்கள், போலீஸ்காரக் கணவனைப் பறிகொடுத்தவர்களும் வந்தார்கள். 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியானது. 2001 நவம்பர் 4 முதல் போலீஸுக்குப் புதுப் பெயர், புதுச் சின்னம்.

தம்பி சொன்ன பாதிக்குப் பாதி அந்த 175-ல் ஒன்று. தேர்வில் தகுதி பெற்றவர்களிலிருந்து ஒரு கத்தோலிக்கர் எடுத்தால் கத்தோலிக்கர் அல்லாத ஒருவர். 2011 மார்ச் வரை இது ஓடியது. எட்டு சதவீதம் ஏறக்குறைய முப்பதுக்கு வந்தது. பத்து வருஷத்தில் அது பெரிய வேலைதான். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். விதியை எடுத்த பிறகு அந்த எண் பெரிதாக ஏறவில்லை. முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் போய் அங்கேயே நிற்கிறது. கதவைத் திறந்து வைத்தாலும் ஆள் வருவது வேறு காரணங்களைப் பொறுத்து இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 8, காலை

"பழைய போலீஸையே கலைச்சிட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கலைக்கவில்லை. அதே படைதான், அதே ஆட்கள்தான் பெரும்பாலும். வயதான அதிகாரிகளுக்கு நல்ல தொகை கொடுத்து விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், காலியான இடங்களில் புதியவர்கள் வந்தார்கள். கலைத்துவிடு என்று ஒரு தரப்பு கேட்டது, பெயரைக்கூடத் தொடாதே என்று இன்னொரு தரப்பு நின்றது.

பெயரைத் தொடாதே என்றவர்களின் வலியையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சண்டையில் முந்நூறுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். என் வார்டில் ஒரு பாட்டி இருந்தார், போலீஸ்காரரின் விதவை. "அவர் உயிரை விட்ட பெயரை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவின் அண்ணனை அதே பெயர் போட்ட ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே ஜன்னல். நான் நடுவில் நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, இரவு

நாங்கள் குடியிருந்த தெருவில், இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். அவர் தினமும் காலையில் காருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, கையை ஊன்றி, குனிந்து அடியில் பார்ப்பார். குளிர்காலத்தில் இருட்டாக இருக்கும், சின்ன டார்ச் ஒன்று வைத்திருப்பார். நாலு சக்கரத்துக்கும் பார்த்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவார். அரசாங்க ஆபீஸில் கிளார்க் என்று சொல்லியிருந்தார். என்ன தேடுகிறார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. அவர் மனைவி ஒரு நாள் என் அடுக்களையில் உட்கார்ந்து சொன்னாள்: புதுப் போலீஸில் சேர்ந்த கத்தோலிக்கர். அடியில் குண்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறார். தன் மாமியாருக்கே சொல்லவில்லையாம்.

பாதிக்குப் பாதி என்று சட்டம் எழுதுகிறவர்கள் இந்த டார்ச்சைப் பார்க்க வேண்டும். பழைய எதிரிக்குப் பயந்து அவர் குனியவில்லை. தன் சொந்த ஆட்களில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் பயந்துதான் குனிந்தார்.

2011 ஏப்ரல் 2-ல் ஓமா என்ற ஊரில் ரோனன் கெர் என்ற இருபத்தைந்து வயதுக் கத்தோலிக்கப் போலீஸ்காரர் இப்படித்தான் கார் குண்டில் இறந்தார். பாதிக்குப் பாதி விதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த அடக்கத்தை டிவியில் பார்த்தோம். அங்கே கேலிக் விளையாட்டுச் சங்கம் என்று ஒன்று, கத்தோலிக்கக் கிராமங்களின் உயிர் என்றே சொல்லலாம். போலீஸ்காரன் அதில் உறுப்பினராகவே முடியாது என்று விதி இருந்தது, 2001 நவம்பரில்தான் எடுத்தார்கள். அந்தச் சங்கத்துப் பையன்கள் பெட்டியைத் தூக்கி வந்து போலீஸ்காரர்கள் தோளில் மாற்றினார்கள். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற பக்கத்து முதலமைச்சர் கத்தோலிக்கப் பூசையில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வார்டில் அன்று பேச்சே இல்லை.

ஜூலை 9

"அப்ப பயம்தான் காரணமா அக்கா?" என்று தம்பி கேட்கிறார். பயம் ஒன்று. வேலைக்குப் போகிறவனைச் சொந்த ஊர் "போய் வா" என்று சொல்ல வேண்டும். கத்தோலிக்க மிதவாதக் கட்சி 2001-லேயே சொல்லிவிட்டது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று கடுமையாக நின்ற ஷின் ஃபெய்ன் கட்சி 2007 ஜனவரி 28-ல்தான் சொன்னது. நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் சேர்ந்த பையன்கள் வாழ்ந்த வாழ்க்கை எனக்குத் தெரியும். அந்த 2007-ல் என்ன நடந்தது என்பது அடுத்து.

ஜூலை 10

இதுதான் நான் சொல்ல வந்தது, கொஞ்சம் நீளமாக இருக்கும்.

2000 நவம்பரில், போலீஸ் பெயர் மாறுவதற்கு ஒரு வருஷம் முன்பே, போலீஸ் ஓம்புட்ஸ்மன் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். போலீஸ் மேல் புகார் என்றால் போலீஸிடம் போக வேண்டாம், அங்கே போகலாம். அவர்களுக்குச் சொந்தமாகப் புலனாய்வு ஆட்கள் உண்டு. போலீஸ்காரரைக் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. போலீஸ் துப்பாக்கி வெடித்து ஒருவர் இறந்தால், புகார் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் விசாரிப்பார்கள்.

முதல் ஓம்புட்ஸ்மன் நுவாலா ஓலோன் என்ற பெண். 1998-ல் அதே ஓமா ஊரில் நடந்த குண்டுவெடிப்பில் போலீஸ் விசாரணை எப்படித் தவறியது என்று 2001 டிசம்பரில் வெளிப்படையாக எழுதினார். போலீஸ் தலைமை கொதித்தது. அவர் பின்வாங்கவில்லை. 2007 ஜனவரி 22-ல் இன்னொரு அறிக்கை: வடக்கு பெல்ஃபாஸ்டில் கொலை செய்துகொண்டிருந்த ஒரு கும்பலின் ஆட்களைப் போலீஸின் உளவுப் பிரிவு தகவலாளிகளாக வைத்துக் காப்பாற்றியது என்று. அரசாங்க முத்திரையோடு. பல வருஷம் கத்தோலிக்கத் தெருக்களில் வதந்தி என்று ஒதுக்கப்பட்ட பேச்சு அன்று அச்சில் வந்தது.

தேதியைப் பாருங்கள். ஜனவரி 22-ல் இந்த அறிக்கை, ஜனவரி 28-ல் ஷின் ஃபெய்ன் போலீஸை ஆதரிக்கிறது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்குப் பின்னால் பெரிய அரசியல் பேரம் உண்டு. ஆனால் போலீஸைக் கிழித்துத் தொங்கவிட்ட அறிக்கை வந்த அதே வாரத்தில்தான் நாற்பது வருஷ எதிர்ப்பாளர்கள் அந்தப் போலீஸை ஏற்றுக்கொண்டார்கள். தப்பை மூடினால்தான் போலீஸ் மானம் நிற்கும் என்று நம்மூரில் நினைக்கிறார்களே, அதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு முறை கல் விழுந்தது. வெளிநாட்டு நர்ஸ்கள் மேல் கோபம் இருந்த காலம். போலீஸுக்குப் போன் செய்தேன், இரண்டு பேர் வந்தார்கள், எழுதினார்கள், எண் போட்ட அட்டை கொடுத்தார்கள். அவர்கள் போன பிறகு எதிர்வீட்டுப் பெண் வந்து, "எதற்குக் கூப்பிட்டாய்? எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவள் வளர்ந்த தெருவில் யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்களாம். திருட்டுக்கும் தீர்ப்பு சொல்லத் தெருவிலேயே ஆள் உண்டு, தீர்ப்பு சில நேரம் முழங்காலில் துப்பாக்கிச் சூடு. சில வருஷம் கழித்து அவள் மகனைப் போலீஸ் ஏதோ சோதனையில் கை முறுக்கினார்கள் என்று அவளே ஓம்புட்ஸ்மனுக்கு எழுதினாள். பதில் வந்தது, விசாரித்தார்கள், அவள் கேட்ட அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டில் திருடு போனபோது போலீஸைத்தான் கூப்பிட்டாள்.

ஜூலை 11

"ஈழத்த விட்டுட்டு அயர்லாந்து எதுக்கு?" என்ற கோபம் நியாயம். இலங்கையில் 1987-ல் 13-வது திருத்தம் மாகாணங்களுக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்தது, காகிதத்தில். இன்று வரை கைக்கு வரவில்லை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற கொடுமையை அரசு போட்ட நல்லிணக்க ஆணைக்குழுவே 2011-ல் எடுத்துப் பேசியது. அங்கே தொடங்கவே இல்லை என்பதால்தான் தொடங்கிய இடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அல்பேனியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் கொசோவோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-க்குப் பிறகு அடியிலிருந்தே புதுப் போலீஸ் கட்டினார்கள், செர்பியர்களையும் சேர்த்து. 2022 நவம்பரில் வண்டி நம்பர் பிளேட் தகராறில் வடக்குப் பகுதிச் செர்பியப் போலீஸ்காரர்கள் கூட்டமாக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருந்தும், அரசியல் இழுத்த இழுப்பில் ஒரே வாரத்தில் காலி. தம்பியின் கேள்விக்கு இதுவும் பதில்.

ஜூலை 13

கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தமிழர் ஐயா ஒருவர், போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்ப் பழகுகிற ஜனமைத்ரி திட்டம் பற்றி எழுதியது பிடித்திருந்தது. கேரளத்தில் 2008 மார்ச்சில் இருபது ஸ்டேஷனில் தொடங்கியது. ஒரு பீட்டில், அதாவது ஒரு போலீஸ்காரர் பொறுப்பில் இருக்கும் பகுதியில், ஏறக்குறைய ஐந்நூறு வீடு, அந்தப் போலீஸ்காரர் ஒவ்வொரு வீட்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஐயா வீட்டுக்கு வருகிறவர் தமிழில் பேசுவார், அம்மாவுக்கு மாத்திரை வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்பார் என்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருக்கும் எங்கள் உறவினர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். களியக்காவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் படி ஏறி எந்தப் போலீஸ்காரரும் நலம் விசாரித்ததில்லை, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனைத் தவிர.

ஜூலை 14

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். வீடு வீடாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, பாதி. பெல்ஃபாஸ்டில் பழைய உளவுப் பிரிவுக்கும் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் யார், எப்போது கதவைத் திறப்பார்கள், எந்த மகன் எந்தக் கட்சி. தெரிந்திருந்ததுதான் ஆபத்தாகவே இருந்தது. சாதி, மதம், எந்தச் சபை, எந்தக் கோயில் கமிட்டி எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், கலவர நாளில் அது எந்தப் பக்கம் போகும்?

அவர் நம்மைத் தெரிந்து வைத்திருக்கிற அளவுக்கு அவருக்கு மேலே யாரிடம் போக வேண்டும் என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தப் பீட் ஆபீசர் மேலேயே குறை என்றால் உங்கள் பக்கத்தில் தமிழர்கள் எங்கே போகிறார்கள்?

ஜூலை 15

ஐயா பதில் சொல்லிவிட்டார், போலீஸ் புகார் ஆணையம் இருக்கிறது என்று. நம் எல்லைக்காரர்களுக்குப் பிடிபடுகிற வித்தியாசம் இங்கேதான்.

2006 செப்டம்பர் 22-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலமும் போலீஸ் மேல் புகார் விசாரிக்கத் தனி ஆணையம் வைக்கச் சொன்னது. கேரளம் 2011 போலீஸ் சட்டத்தில் வைத்தது. மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அடிபட்டவன் நீதிபதி தலைவராக இருக்கும் இடத்துக்குப் போகலாம், இந்தப் பக்கம் அடிபட்டவன் எஸ்.பி.யின் ஆட்கள் மேல் எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் அடிபட்டுச் செத்தார்களே, அந்த ஊர் எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும்?

கேரளத்தில் எல்லாம் ஒழுங்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2009 மே 17-ல் பீமாபள்ளியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தது இதே கடற்கரையில்தான்.

ஜூலை 17

குளச்சல் தம்பிக்கு. 1982 மார்ச் 1 மண்டைக்காட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் வீடு எரிந்தது. குன்றக்குடி அடிகளார் வந்து கடற்கரையில் நடந்து ஆறுதல் சொன்னதை எங்கள் அம்மா இன்றும் சொல்வார். நீதிபதி வேணுகோபால் கமிஷன் போட்டார்கள். சாமியார் வந்தார், அடிகளார் வந்தார், நீதிபதி வந்தார். போலீஸும் மக்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து "அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்டுக்கொண்ட கூட்டம் ஒன்றுகூட என் காதுக்கு எட்டவில்லை.

அதற்கும் முன்னால் 1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நின்றவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. இரண்டு வருஷத்தில், 1956 நவம்பர் 1-ல், நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். இப்போது போலீஸ் நம் மொழி பேசுகிறது. மொழி ஒன்றாகிவிட்டதால் நம்பிக்கை வந்துவிட்டதா? வந்திருந்தால் 1982-க்குப் பிறகு கடற்கரை இப்படி ஒதுங்கியிருக்காது.

அப்புறம் சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரியது. பேட்டன் அறிக்கை போலீஸ் கட்டடங்களில் பிரிட்டிஷ் கொடி பறக்க வேண்டாம் என்றது. புதுச் சின்னத்தில் கிரீடமும் உண்டு, ஐரிஷ் யாழும் உண்டு, ஷாம்ராக் இலையும் உண்டு. நம்மூர் ஸ்டேஷன் ஒன்றுக்குத் தொலைந்த செல்போனுக்காகப் போனேன். வாசலில் பிள்ளையார், உள்ளே ரைட்டர் மேசைக்கு மேலே மாலை போட்ட சாமி படம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என்னோடு வந்திருந்த கடற்கரைப் பெண் மட்டும் ஜெபமாலையைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். யாரும் அவளைச் சொல்லவில்லை, தானாகவே.

ஜூலை 20

பலர் தனியாகக் கேட்டதால் நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றமென்றால், எந்த ஸ்டேஷன் லிமிட்டாக இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், பிறகு அவர்களே மாற்றிக்கொள்வார்கள். வாயால் சொன்னால் எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம். புகார் கிடைத்தது என்பதற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அது வேறு இது வேறு.

என் தம்பி பைக் எல்லைக்குப் பக்கத்தில் திருடு போனபோது ஒரு ஸ்டேஷன் "அது கேரளா லிமிட்டு" என்றது, மற்றது "வண்டி தமிழ்நாடு ரெஜிஸ்ட்ரேஷன்" என்றது. மலையாளத்தில் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டாமலே கையெழுத்து கேட்டார்கள். அவன் போடாமல் வந்துவிட்டான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூலை 21

ஓம்புட்ஸ்மனைக் கோயில் மாதிரி தூக்கி வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். 2011-ல் அதே அலுவலகத்தின் சுதந்திரம் தேய்ந்துவிட்டது என்று தணிக்கை அறிக்கை வந்தது, அப்போதிருந்த ஓம்புட்ஸ்மன் அடுத்த ஜனவரியில் விலகினார். காவலுக்கு வைத்தவருக்கும் காவல் தேவைப்பட்டது. அந்தத் தணிக்கை நடந்தது, வெளியே சொன்னார்கள், ஆள் மாறினார். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜூலை 27

கொல்லங்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார்: மகள் எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும் என்கிறாள், அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்க வீடுகள் கூடும் ஜெபக் குழு) எல்லாரும் "மக்களே, நம்ம ஆட்களை அடிக்கிற வேலைக்கா அனுப்புத?" என்கிறார்கள், என்ன செய்ய என்று.

எழுதட்டும் அம்மா. குளச்சல் தம்பி சொன்னதில் அந்தப் பாதியை நான் முழுசாக ஏற்கிறேன், ஸ்டேஷனில் நம் பிள்ளைகள் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவளைத் தனியாக விடாதீர்கள். பங்குப் பேரவையில் நீங்களே எழுந்து சொல்லுங்கள், பிறர் வாயால் தெரிய வேண்டாம். அவள் கடற்கரையில் ஒருவரைக் கைது செய்ய வேண்டி வந்தால் ஊர் என்ன செய்யும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கோயில் கமிட்டியில் பெரியவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களுக்கும் அவள்தான் எஸ்.ஐ.

அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கமிட்டி கலெக்டருக்கு மனு கொடுக்கிறது: மாவட்டப் புகார் ஆணையத்தில் போலீஸ் அல்லாத ஓய்வு நீதிபதி வேண்டும், அதற்குச் சட்டத்தைத் திருத்த அரசுக்கு எழுத வேண்டும் என்று. வரைவு என்னிடம் இருக்கிறது. குளச்சல், கொல்லங்கோடு, மண்டைக்காடு மூன்று பக்கத்துக் கையெழுத்தும் ஒரே தாளில் வர வேண்டும் என்று ஆசை. தம்பி, உங்கள் ஊர்த் தாளை நீங்களே எடுத்துக்கொண்டு மண்டைக்காட்டுக்குப் போக முடியுமா?